அஸ்ஜத்தின் பழகிய காது

மேற்குக் கரையிலுள்ள குறிஞ்சிப்பிட்டி அஸ்ஜத் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்ப்பவன். குசினிக்குப் பக்கத்தில் முன்பு வெங்காயம் போட்டு வைத்த அறைதான் அவனுடைய கந்தோர். அங்கிருந்த சின்ன மேசைக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் தேடி அவன் பார்க்காத வீடியோ இல்லை, விசாரிக்காத ஆளில்லை. பெரியதை வைத்தால் கீபோர்டுக்கு இடமில்லை. மலிவானதில் மனேஜர் பானைக்குள் இருந்து பேசுவது போலிருந்தது.

"எல்லாம் ஒரே சத்தம்தானே" என்றாள் மனைவி நிஃப்லா.

"அதுக்குக் காது பழகியிருக்கணும்" என்றான்.

கடைசியில் உள்ளங்கையளவில் இரண்டு ஸ்பீக்கர்கள் நோன்பு மாதத்தில் வந்து சேர்ந்தன. பின்னேரம் அவற்றைப் போனோடு இணைத்துவிட்டு, குசினியில் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் நோன்பு துறக்கும் நேரத்துப் பாங்கு கேட்டது. பள்ளிவாசல் மோதினாரின் குரல் இன்றைக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டே ஈத்தம்பழத்தைக் கடித்துத் தண்ணீரையும் குடித்தான்.

"ஏன் துறந்திட்டீங்க? பள்ளியில இன்னும் பாங்கு சொல்லல்ல. அது உங்கட அறையிலயிருந்துதானே வருது" என்றாள் நிஃப்லா.

போன கிழமை மட்டக்களப்புக்குப் போனபோது, போனில் தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் அப்பில் அந்த ஊரை வைத்தவன் திருப்பி மாற்ற மறந்திருந்தான். கிழக்கில் பொழுது முந்திப் படும்.

இப்போது யாராவது அந்த ஸ்பீக்கர் எப்படி என்று கேட்டால், அஸ்ஜத் ஒளிக்காமல் சொல்கிறான்: "நல்ல தெளிவு. பெருநாளைக்குப் பிறகு எனக்கு ஒரு நோன்பு திருப்பிப் பிடிக்க இருக்கு."