சாக்குக் கழிவு

மன்னார்குடியில் ஜெரால்டைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அது அவருடைய குற்றமல்ல. இரண்டு கைகளையும் மடக்கிக் காட்டும் தன் படத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரை ஒரு மின்கம்பம் விடாமல் கட்டிவைத்திருக்கிறார். நான் பர்வின். அவருடைய ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கிறேன். நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது இரும்பைக் கீழே போட்டால் இந்தப் பக்கம் என் மிஷினில் ஊசி துள்ளும். எனவே அவரைப் பற்றிப் பேச எனக்கு எல்லா உரிமையும் உண்டு.

அந்த ஜிம் முன்பு நெல் கிடங்கு. ஜெரால்டின் அப்பா மரியஅந்தோணி பெரிய நெல் வியாபாரி. அவர் காலமானதும் மகன் மூட்டைகளைக் காலி செய்தார், சுவரெல்லாம் கண்ணாடி மாட்டினார், ஏசி வைத்தார். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று: நெல் மூட்டைகளை ஏற்றி நிறுக்க அப்பா வைத்திருந்த பெரிய இரும்பு மேடைத் தராசு. அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து நடுக்கூடத்தில் நிறுத்தி, நேர் மேலே அப்பாவின் படத்தை மாலையோடு மாட்டினார்.

"சைனா மிஷினெல்லாம் நாளுக்கு ஒரு எடை காட்டும்க்கா. இது எங்கப்பா தராசு. மனுசன் பொய் சொல்லுவான், இது சொல்லாது" என்பார்.

பிறகு ஒருநாள் சென்னைக்குப் போய் ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தார். 'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்தது. அதுவரை 'மாஸ்டர்' என்றால் திரும்பிப் பார்த்த மனிதர், அதன்பின் 'கோச் சார்' என்றால்தான் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்நிலா வந்து மாட்டினாள். பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ படிக்கிற பெண். பள்ளியில் குத்துச்சண்டை பழகியிருந்தாள். அவளுடைய அப்பா காத்தான் ஒரு காலத்தில் பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்; விளைந்த நெல்லை மரியஅந்தோணி இருந்தவரை அவரிடம்தான் போட்டுவந்தார். தஞ்சாவூரில் நடக்கும் மண்டலப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அங்கே ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

"கை வேகமா வருது சார். மூணாவது ரவுண்டுலதான் கால் செத்துப்போவுது. அதுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணுங்க" என்று அவள் கேட்டது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. கோச் சாருக்குக் கேட்கவில்லை.

அவர் ஒரு ப்ரோகிராம் போட்டுக் கொடுத்தார். எந்த நாட்டு மலைமாடனுக்கோ யாரோ எழுதியதை இணையத்தில் பிடித்து, லேமினேஷன் செய்திருந்தார். நம் ஊருக்கு ஏற்ப மாற்றியதாகப் பெருமை வேறு. மாற்றம் என்னவென்றால், முதல் கட்டத்துக்கு நாற்றங்கால், அடுத்ததற்கு நடவு, கடைசிக் கட்டத்துக்கு அறுவடை என்று பெயர். காலை உணவில் இருந்த ஏதோ சீமை மீனை அடித்துவிட்டுக் கெண்டை என்று எழுதியிருந்தார். ஓடுவது கூடாது, ஓடினால் சதை கரைந்துவிடுமாம். கால் ஓய்ந்துபோகிறது என்று வந்த பெண்ணுக்குக் கைக்கு வேலை கொடுத்தார். போஸ்டரில் கால் தெரியாதல்லவா? மிச்ச நேரமெல்லாம் தரையில் கிடக்கும் இரும்பைக் குனிந்து தூக்குவது, வைப்பது, மறுபடி தூக்குவது.

அந்தப் பெண் சொன்னதையெல்லாம் செய்தாள். போதாததற்கு, அவருக்குத் தெரியாமல் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடவும் செய்தாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு கிலோ பிரிவு. அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் மேடையேற விடமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை தவறாமல் கோச் சார் தன் அப்பா படத்துக்குக் கீழே அவளை நிறுத்தி எடை பார்ப்பார். எப்போது பார்த்தாலும் ஐம்பத்து மூன்றே முக்கால். "கண்ட மிஷின்ல ஏறி மனச கொழப்பிக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

போட்டியன்று பெண்கள் எடை பார்க்கும் அறைக்குள் கோச் சார் வர முடியாது என்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கிளம்பும் முன் ஜிம்மில் பார்த்தபோதும் அதே ஐம்பத்து மூன்றே முக்கால். தஞ்சாவூரில் அவள் ஏறி நின்றாள். ஐம்பத்தைந்தே கால் காட்டியது. இறங்கி மறுபடி ஏறினாள். மிஷின் மசியவில்லை. "ஒன்பது மணி வரைக்கும் டைம் இருக்கும்மா. கொறைச்சிட்டு வா" என்றார் எடை பார்த்த அம்மாள்.

வெளியே ஜெரால்டு குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! "உங்க மிஷின் தப்பு. எங்கப்பா தராசுல ஒரு கிராம் பிசகாது. முப்பது வருசம் இந்த டெல்டா நெல்ல நிறுத்தின தராசுங்க அது!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அதிகாரி ஒருவர் பேசாமல் முத்திரை போட்ட எடைக்கல்லைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்துக் காட்டினார். கல்லில் இருந்த எடையும் மிஷின் காட்டிய எடையும் ஒன்றாகவே இருந்தன.

கூடவே வந்திருந்த காத்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நம்ம தராசுதான் ஒன்றரைக் கிலோ கொறைச்சுக் காட்டுதா சார்?"

"அது வந்து காத்தான்..." வயதில் மூத்தவரைப் பேர் சொல்லி அழைப்பதும் அப்பாவிடமிருந்து வந்த சொத்துதான். "அது சாக்குக் கழிவு. மூட்டையோட நிறுத்துறப்ப சாக்கு எடைய கழிக்கணும்ல? அதுக்காக அப்பா அப்படி செட் பண்ணி வச்சிருப்பாரு. நான்தான் மறந்துட்டேன்."

"சாக்குக்குத்தான் உங்கப்பா தனியா கழிச்சிக்குவாரே சார். மூட்டைக்கு ஒன்றரைக் கிலோன்னு எங்க கண்ணெதிரேயே கழிப்பாரே."

ஜெரால்டுக்கு அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று புரிந்தது. தராசு தப்பு என்றால் அப்பா திருடன். தராசு சரி என்றால் இந்தப் பெண்ணின் எடைக்கு வேறு காரணம் சொல்லியாக வேண்டும். நல்ல மகன், அப்பாவைக் காப்பாற்றினார்.

"நைட்டு நல்லா தின்னிருப்பா. கேளுங்க அவள!"

தமிழ்நிலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மழைக்கென்று காத்தான் கொண்டுவந்திருந்த ரப்பர் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. நேரம் முடியும் தறுவாயில் ஏறி நின்றாள். கால் கிலோ கூடுதல். அவ்வளவுதான், பெயரை அடித்துவிட்டார்கள். போன வருடம் இவளிடம் தோற்ற குத்தாலத்துப் பெண் அன்றைக்கு ஜெயித்தாள். அதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் தமிழ்நிலா கிளம்பினாள். பஸ்ஸில் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதரை நாலு கேட்க வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் பக்கத்தில் ஏதோ இரும்பு உராயும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தமிழ்நிலா அந்தத் தராசின் ஒரு முனையைத் தூக்கி, வாசற்படியைத் தாண்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலும் திணறுகிற கனம். இவள் குனிந்தாள், தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். சந்தைக்கு வந்தவர்கள் நடந்துபோகிற வழியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஜெரால்டு உள்ளேயிருந்து ஓடிவந்தார். "யாரக் கேட்டு எடுத்த?"

"உங்க ப்ரோகிராம்தான் சார். வேலை செய்யுதான்னு பாத்தேன்."

காத்தான் எதிர்க்கடையில் வாங்கிய, தையல் பிரிக்காத இருபத்தாறு கிலோ அரிசிப் பையைத் தூக்கித் தராசின் மேல் வைத்தார். இருபத்து நான்கரை காட்டியது. தலைச்சுமையோடு போன ஒருவர் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் அந்தக் கிடங்கில் நெல் போட்டவர்கள். ஒரு பெரியவர் விரல்விட்டு எதையோ எண்ணத் தொடங்கினார், எண்ணி முடிகிறபாடாக இல்லை.

"சொல்லுங்க சார், இதுவும் நைட்டு தின்னுச்சா?" என்றாள் தமிழ்நிலா.

ஜெரால்டு திரும்பி உள்ளே அப்பாவின் படத்தைப் பார்த்தார். அந்தக் கிடங்கில் இத்தனை வருடமாகக் கிடந்த சாக்குகளில் அவருக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.