வேங்கைச் சிவப்பு

உத்திராபதிக்கு அரியலூர் மரவாடியில் ரம்பத்துக்கு மரம் தள்ளும் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலைதான். உட்கார்ந்து டீ குடித்து அவரை யாரும் பார்த்ததில்லை. சுறுசுறுப்பானவர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா இருக்க அவருக்குப் பயம்.

வேங்கை மரம் அறுக்கிற நாளில் தூள் மூக்கில் ஏறும். ஈரம் பட்டதும் அது செம்பழுப்பாகிவிடும். புதிதாக வந்தவன் மூக்கைச் சிந்திவிட்டு, ரத்தம் என்று அலறுவான். பழைய ஆட்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் உத்திராபதியும் ஒருவர்.

1981 சித்திரையில் அவருக்கு வலது மூக்கு அடைத்து நாற்றமெடுத்தது. கம்பவுண்டர் தர்மராஜ் பீனிசம், சீழ்ச்சளி என்று சொல்லி ஊசி போட்டார். நாற்றம் நாலு நாள் அடங்கி, மறுபடியும் வந்தது. நொச்சி போட்டு ஆவி பிடித்தார். ஆடியில் வலப்பக்க மேல்பல் ஒன்று ஆடியது, பிடுங்கிக்கொண்டார். பல் இருந்த குழி ஆறவில்லை. கன்னமும் லேசாக உப்பியது.

"என்னண்ணே, வெத்தலைய அடக்கிக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றான் கூட வேலை செய்த சாமிதுரை.

மூக்கைச் சிந்தும் துண்டில் சிவப்பும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. காரணம் தயாராக இருக்கிற இடத்தில் யார் தேடப்போகிறார்கள்?

ஆவணியில் மரவாடி மோட்டார் கருகி, வேலை நின்றது. உத்திராபதி காலையில் ஸ்டேஷன் வரை நடப்பார், திரும்புவார், மறுபடி போவார். பத்தாம் நாள் அவர் மனைவி ஜெகதாம்பாள் துவைக்கிற கல்லிலிருந்து துண்டோடு எழுந்து வந்தாள்.

"இது என்னங்க?"

"வேங்கைத் தூளு புள்ள."

"மில்லு நின்னு பத்து நாளாச்சு. வேங்கை என்ன, ஒங்க மூக்குக்குள்ளயே மொளைக்குதா?"

மறுநாள் திருமானூர் வழியாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள். கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே போனார். இடம் காலியாகத்தான் இருந்தது.

பெரிய டாக்டர் விளக்கைப் பிடித்து மூக்குக்குள் வெகுநேரம் பார்த்தார். "அஞ்சு மாசமா ஒரே பக்கம். சளின்னா இப்படி ஒத்த மூக்கோட நிக்குமாய்யா?" சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கன்ன எலும்புக்குள் இருக்கும் அறையில் புற்று. அபூர்வமாக வருவது, வருடக்கணக்கில் மரத்தூளில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும் என்றார் டாக்டர். மேல்தாடையில் பாதியை எடுக்க வேண்டும். கண் தப்புமா என்பது அறுக்கும்போதுதான் தெரியும்.

"ஒத்தக் கண்ணால ரம்பக்கோடு பாக்க முடியுங்களா?" என்று கேட்டார் உத்திராபதி.

"கோடு கெடக்கட்டும்ங்க," என்றாள் ஜெகதாம்பாள். "எனக்கு ஆளு வேணும்."

கண் தப்பியது. தாடை போனது. பிறகு ஆறு வாரம் கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தார்கள். அண்ணத்துக்குத் தகடு மாட்டினால்தான் சோறு இறங்கும், பேச்சு புரியும். திரும்பவும் வருமா என்று கேட்டதற்கு, மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார் டாக்டர். அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், ரம்பம் ஓடாத நாளாகப் பார்த்து, வெள்ளைத் துணியோடு மரவாடி ஆட்களின் வீடுகளுக்குப் போகிறார்.

"மூக்கு இன்ஸ்பெக்டரு வந்துட்டாரு," என்பான் சாமிதுரை. சொல்லிவிட்டு, சிந்திக் காட்டுவான்.

தன் துணியை மட்டும் அவர் பார்ப்பதில்லை. காலையில் ஜெகதாம்பாள் அதை வெயிலில் விரித்துப் பார்க்கிறாள். அவள் வாய் திறக்கும் வரை அவர் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.