அப்பா ஒத்துக்கொண்ட குற்றம்

எழும்பூர் மெட்ரோ ஸ்டேஷனில் என் பை ஸ்கேனருக்குள் போய் நின்றுபோன அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை. கூடப் படித்த தோழி, சென்னைக்கு வா, ஊரையே சுற்றிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டிருந்தாள். சாத்தூரில் ரயிலேறி வந்து இறங்கியவளை அவளும் இன்னும் இரண்டு சிநேகிதிகளும் கட்டிப்பிடித்து அழைத்துப் போனார்கள். மெட்ரோவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். காவலர் பையைத் திறக்கச் சொன்னார். காராச்சேவுப் பொட்டலத்துக்கும் சுடிதாருக்கும் அடியில் இருந்தது பட்டாசுப் பெட்டி. யார் பை என்று கேட்டார். என் தோளை உரசிக்கொண்டு நின்ற தோழி இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

அந்தப் பெட்டியைக் கேட்டவர் அவளுடைய அப்பா. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போனை வாங்கி, பட்டாசு ஊர்ப் பெண் வெறுங்கையோடா வருவாய், ஒரு பெட்டி போட்டுக்கொண்டு வா, மொட்டை மாடியில் கொளுத்தலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதர் அரசாங்க அதிகாரி. ரயிலில் பட்டாசு கொண்டுவரக் கூடாது என்று அவருக்குத் தெரியாதாமா? சரி, அவரை விடுங்கள். எனக்கு எங்கே போனது புத்தி? என் அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையை உதறிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டுக்குள் ஒரு திரி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் மகள், அவருக்குத் தெரியாமல் கடையில் போய் வாங்கினேன். அதிலும் ஒரு பெருமை பாருங்கள், வரிசையாக இருந்த பெட்டிகளில் அப்பா கம்பெனி லேபிளாகத் தேடி எடுத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், அப்பா என்ன வேலை என்று போலீசார் கேட்டதும், இந்தக் கம்பெனியில்தான் போர்மேன் என்று உளறிவைத்தேன். அதோடு முடிந்தது. அவர்கள் பார்வையே மாறிவிட்டது. கம்பெனிக்கும் போன் போனது. தோழியின் அப்பா வந்தார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்றார். மறுநாள் என் அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, தோழியின் அப்பா பொறுப்பில் என்னை அனுப்பினார்கள். காரில் போகும்போது, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே என்று எனக்கே ஆறுதல் வேறு. மறுநாள் காலையில் சிநேகிதிகள் என்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். அப்பா முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் தின்றுகொண்டு அலையில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார். "நாந்தான் சார் குடுத்து விட்டேன். பைக்குள்ள என்ன இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியாது" என்றார். தோழியின் அப்பா பக்கத்தில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தோழி என்னோடு பேசமாட்டாளே என்கிற பயம். அம்புட்டுத்தான் காரணம், வேறொன்றுமில்லை. தூ!

பில் இல்லாமல் சரக்கை வெளியே விட்ட போர்மேன் வேண்டாம் என்று கம்பெனி அப்பாவை நிறுத்திவிட்டது. பெயர் கெட்டுப்போனதால் வேறு எந்தக் கம்பெனியிலும் அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒரு கம்பெனி வாசலில், உள்ளே போகிறவர்களின் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைக்கும் வேலை பார்க்கிறார். அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. மன்னித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் தோழியின் அப்பா போன் செய்தார். மகளுக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி வேண்டுமாம். அப்பாவிடம் சொல்லி நல்ல சரக்காக அனுப்பிவைக்க முடியுமா என்று அதே சிரிப்போடு கேட்டார். அப்பா எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அன்னைக்கும் நீங்கதான் கேட்டீக. நீங்க கேட்டீகன்னுதான் கடையில போய் வாங்கிட்டு வந்தேன். எங்கப்பா இங்கனதான் இருக்காக, அவுககிட்டயே கேளுங்க."

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது. இத்தனை வருடத்துக்குச் சேர்த்து இன்றைக்காவது கொடுத்துவிட்டோம் என்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

"கடையில வாங்குனதா தாயி?" என்றார். "எனக்குச் சோறு கொண்டு வந்தப்ப பேக்கிங் ரூம்ல நீ எடுத்துட்டன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."