பொன்னுசாமியின் மூன்று பிறந்த நாட்கள்

கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவன் கையைவிட வாயைத்தான் அடக்கிப் பழக வேண்டும். விசேஷ வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய், நடுக்கூடத்தில் மாட்டிக்கொண்டு முழித்த அன்பர்களுக்கு இது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் எனக்கு அந்த வேலை. வழியில் கேக் நசுங்கிவிடக் கூடாது என்று நானே வீட்டுக்கு எடுத்துப்போய், வெட்டும் வரைக்கும் காவல் நிற்பேன்.

ஒரே பெயர்

தை மாதம் பக்கத்து ஊரான கணபதியிலிருந்து முத்தம்மாள் என்ற அம்மா வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்த மகன் பொன்னுசாமிக்குப் பிறந்த நாள் கேக் சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் மறுபடியும் வந்தார். அதே பெயர், அதே வாழ்த்து. இது இன்னொரு மகனுக்கா என்று மெதுவாகக் கேட்டேன்.

பெண் பார்க்கப் போகலாம் என்றாலே பொன்னுசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவானாம். கேக் என்றால் மட்டும் வீட்டில் உட்காருவானாம். அதனால் பெண் வீட்டாரையே விருந்துக்கு வரச் சொல்லிவிடுகிறாராம்.

"பையன் ஒருத்தன்தானுங்க," என்றார். "பொண்ணு ஊட்டுக்காரங்கதான் வேற வேற."

சிநேகிதன் செய்த உதவி

வைகாசி விருந்துக்குப் பொன்னுசாமி தன் சிநேகிதன் ராஜேந்திரனைத் துணைக்கு வரவழைத்திருந்தான். போத்தனூரில் ரயில்வே உத்தியோகம் அவனுக்கு. பெண்ணின் அப்பா காதில் விழும்படி பொன்னுசாமியைப் பற்றிக் கண்டபடி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ராஜேந்திரனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, லீவு நாளில் இவன் குளிக்காமல்கூடச் சீட்டாடுவான், சோறு ஆறினாலும் எழுந்திருக்க மாட்டான் என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னான்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். பொன்னுசாமி முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவரோ நாற்காலியை இழுத்து அவன் அருகில் போட்டுக்கொண்டார்.

"நெசமாலுமுங்களா மாப்ளே? எங்கூட்டுல ரம்மிக்கு ஒரு கை குறையுதுங்க."

புரட்டாசிச் சனிக்கிழமை

அந்தச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தாமல் நின்றது. மூன்றாவது கேக்குக்கு முத்தம்மாள் சொன்ன நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கேக் என்பது மாவும் சர்க்கரையும் சேர்ந்த பலகாரம் என்றே அந்த அம்மா நினைத்திருந்தார்.

பெண்ணின் பெயர் சரோஜா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். எல்லோர் கையிலும் கேக் போன பிறகு, பொன்னுசாமி கூடம் முழுக்கக் கேட்கும்படி, இதில் எத்தனை முட்டை என்று என்னிடம் கேட்டான். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. பன்னிரண்டு என்றேன். தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. முத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அதைப் பார்த்ததும் பொன்னுசாமிக்கே முகம் செத்துப்போயிற்று. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

சரோஜா மட்டும் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். அப்பா அதட்டியும் தட்டை வைக்கவில்லை. கடைசித் துண்டையும் முடித்துவிட்டு முத்தம்மாளிடம் போய், அழாதீங்க அத்தை என்றார். பிறகு பொன்னுசாமி பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்க நாலு தடவை வந்தாங்க. நாலு தடவையும் நானே பஜ்ஜி சுட்டு, நானே எடுத்துட்டு வந்து குடுத்தேனுங்க. பொண்ணு பாக்கற எடத்துல நான் உக்காந்து தின்னது இன்னிக்குத்தானுங்க."

பொன்னுசாமி இந்தத் தடவை சைக்கிளைத் தேடவில்லை. அடுத்த தையில் அந்த இருவருக்கும் கல்யாணம் நடந்தது. வருஷத்துக்கு மூன்று பிறந்த நாள் கொண்டாடிய ஒரே வாடிக்கைக்காரரை, முட்டைக் கணக்கில் உண்மை சொல்லி நானே இழந்துவிட்டேன்.