நரி வாய் திறப்பதற்குள்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குக் கார்ட்டூன் என்று பெயர். நாற்பதைத் தாண்டிய ஆள், மீசை வேறு நரைக்கத் தொடங்கிவிட்டது, சனி ஞாயிறு வந்தால் வீட்டில் உட்கார்ந்து ஜப்பான் அனிமே பார்க்கிறான் என்றால் சும்மா விடுவார்களா? அவன் கோபித்துக்கொண்டதில்லை. அக்காவுக்காகப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவனுடைய சொந்தப் பைத்தியம்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் போர்வை மடிப்பவள். அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் அவனும்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் படம் தெரியும், பொடி எழுத்து தெரியாது. அதனால் திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் வசனத்தை அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். வெறுமனே சொல்ல மாட்டான். கிழவனுக்குக் கரகரப்பு, குழந்தைக்குக் கீச்சுக்குரல், வில்லனுக்கு அவனுடைய மேனேஜர் குரல். அக்கா தலையணையை மடியில் போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் பார்ப்பாள். ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது, ரயில் ஓட்டும் ஒரு பெண்ணும் அவளோடு ஊர் ஊராகச் சுற்றும் பேசும் நரியும் வருகிற கதை. நரிக்கு அடிபட்ட இடத்தில் போன ஞாயிறு நிறுத்தியிருந்தார்கள். மிச்சத்தை இந்தச் சனி ஞாயிறில் ஒரே மூச்சில் முடிப்பதாகத் திட்டம்.

வெள்ளிக்கிழமை பார்த்து ஒரு கட்டடத்துக்கு வரவேண்டிய மோட்டார் வரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். அக்காவுக்கு டியூட்டி. டிவி எதிரிலேயே இருந்தது. ஒரே ஒரு எபிசோடு, நரி பிழைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று தன்னையே தாஜா பண்ணிக்கொண்டான். படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டபோது மொத்தக் கதையும் முடிந்திருந்தது. அடித்துப் பிடித்துப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தான். ரிப்பேர் பார்த்த சுவடு தெரியாமல் துடைத்துவிட்டு வருகிற கை அல்லவா, அதில் குறையே இல்லை. ஆனால் கண் சிவந்திருந்தது.

என்னடா என்று கேட்டாள். லிஃப்ட் குழியில் தூசி என்றான். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஈரத்துணி கொண்டுவந்து, அவன் முகத்தை நிமிர்த்திக் கண்ணில் ஒற்றிவிட்டாள். அவனுக்கு அங்கேயே சொல்லிவிடத் தோன்றியது. சொல்லவில்லை, கோழை.

சனிக்கிழமை முழுக்க நடித்தான். தெரிந்த திருப்பத்துக்கெல்லாம் நெஞ்சில் கை வைத்தான். குற்ற உணர்ச்சியில் குரல் நடுங்கியதை அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, நரிக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். டப்பாவில் இருந்த கடைசி பிஸ்கட்டையும் அவன் பக்கம் தள்ளினாள்.

ஞாயிறு சாயங்காலம் கடைசி எபிசோடு. பனி கொட்டும் ஸ்டேஷன், புறப்படத் தயாராக ரயில், நடைமேடையில் நரி. அக்கா தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தாள். அந்த இடம் அவனை வெள்ளிக்கிழமையே உலுக்கிய இடம். நாக்கில் சனி உட்கார்ந்தான்.

"கூப்பிட்டா வருவேன்னு நினைக்காத. ஆனா கூப்பிடு," என்றான், நரியின் குரலில்.

திரையில் நரி சும்மா நின்றுகொண்டிருந்தது. பனி விழுந்தது. அது நிதானமாகத் தலையைத் தூக்கி, பிறகுதான் வாயைத் திறந்தது.

அக்கா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"எப்போடா பாத்த?"

"வெள்ளிக்கிழமை."

"முழுசுமா?"

அவன் தலையாட்டினான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை.

"போர்வை மடிக்கும்போதெல்லாம் அந்த நரிக்கு என்ன ஆகும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நீயும் அங்க அதையேதான் நினைச்சுட்டு இருப்பேன்னு..." என்று நிறுத்தினாள்.

மன்னித்துவிடு என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் அக்கா தலையணையைத் தட்டி நேராக்கி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு. நீ சொல்லாம எனக்கு ஏது கதை?"

படம் ஓடியது. ரயில் கூவியது, அந்தப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். இந்த முறை அவன் ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்து, அவரவர் வாயைத் திறந்த பிறகே சொன்னான். குரல் எதுவும் மாற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தான். அக்கா டிவியைப் பார்க்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.