கோணல் மூலையில் ஒரு பூங்கா

ஜம்புலிங்கம் வாணியம்பாடியில் வீட்டுமனை லேஅவுட் வரைபவர். மனையாக விற்க முடியாத கோணல் மூலைக்குப் பச்சை அடித்துப் பூங்கா என்று எழுதிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். 1983இல் ஆலங்காயம் சாலையில் தோல் ஆலைத் தொழிலாளர்களுக்கு மனை பிரித்தபோதும் அதையேதான் செய்தார்.

தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. நிலத்தை அளந்த அன்றே, அங்கே ஆடு மேய்த்த கமலவேணி ஓடைப் புதரில் குளம்புத் தடங்களைக் காட்டினாள்.

"மலைலேர்ந்து மானுங்க ஏரிக்குத் தண்ணி குடிக்க வர்ற வழி சார். இத்த மட்டும் உட்டுடுங்க."

"அதான் பூங்கா உடறேனே, இன்னும் இன்னா?" என்று எரிந்து விழுந்தார்.

பூங்காவைக் கோணல் மூலையில் ஒதுக்கிவிட்டு, ஓடைப் புதரின்மேல் மலையிலிருந்து ஏரிப்பக்கமாக வரிசையாகப் பதினான்கு மனைகள் போட்டார். மலைப்பக்கத்து முதல் மனையை அவரே வாங்கி வீடும் கட்டினார்.

மூன்றாம் கோடையில் ஒரு விடியற்காலை, திறந்திருந்த கேட் வழியாக ஒரு பெண்மான் உள்ளே வந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைச் சுவரில் முட்டியது. மறுபடியும் முட்டியது. நெற்றியில் ரத்தத்தோடு மலைக்கே திரும்பி ஓடியது.

அன்றே ஜம்புலிங்கம் கடப்பாரையால் அந்தச் சுவரை இடித்தார். இடிந்த இடத்தில் அடுத்த வீட்டின் சுவர் தெரிந்தது. அதற்கப்பால் இன்னும் பன்னிரண்டு வீடுகள். அத்தனை கோடுகளும் அவர் கையால் போட்டவை.