டாக்டருக்கு டெஸ்ட் வைத்த டீச்சர்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் டீச்சருக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. சீட் பெல்ட் போடுவதற்குள் ஆளை எடைபோட்டுவிடுவார். மார்பில் கட்டி, பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்ததும், அதே கண்ணை நம்பி டாக்டர் தேடக் கிளம்பினார். புத்தி எங்கே போகும்?

முதல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்குமுன்பே, "கவலையே படாதீங்க, எடுத்துடலாம்" என்றார். கண்ணாடி பார்க்காமல் வண்டியை எடுக்கிறவரை டீச்சர் பாஸ் போட்டதே இல்லை. இரண்டாமவர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. பக்கத்தில் ஆள் வருவதே தெரியாத ரகம் என்று அவரையும் தள்ளினார். மூன்றாமவரிடம் ஒரு குறையும் அகப்படாமல் திண்டாடி, கடைசியில் பேனாவைக் கடிக்கிறார் என்று கழித்துக்கட்டினார்.

"நீ டாக்டர் பாக்கப் போறியா, லைசென்ஸ் குடுக்கப் போறியா?" என்றார் கணவர்.

"கண்டவங்க கையில ஸ்டீயரிங்கைக் குடுக்க முடியுமாங்க? உடம்பு என்னுது."

இப்படியே இரண்டு மாதம் ஓடிப்போனது.

விசாரித்த இடமெல்லாம் ஒரே ஒரு பெண் சர்ஜனைத்தான் கைகாட்டினார்கள். டீச்சர் அந்தப் பக்கமே போகவில்லை. காரணம், அவள் இவரிடம் கார் ஓட்டக் கற்றவள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் முன்னால் பாய்ந்து, ஸ்கூல் கேட்டைப் பெயர்த்துப் போட்ட புண்ணியவதி. அவள் கையில் கத்தியா? பொறுத்துப் பார்த்த கணவர், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவரை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சர்ஜன் ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், இதுல எழுதியிருக்கிறதைவிடக் கட்டி பெரிசாயிருக்கு. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"டாக்டருங்களுக்கு டெஸ்ட் வெச்சிட்டிருந்தேன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சர்ஜன் சிரிக்கவில்லை.

"அப்பவே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்போ முதல்ல கீமோ குடுத்துச் சுருக்கிப் பாக்கணும். சுருங்கலைன்னா மார்பையே எடுக்க வேண்டி வரும்."

"முடி?"

"கொட்டும் டீச்சர். இது என் யோசனைதான். வேற டாக்டர்கிட்ட கேக்கணும்னாலும் கேளுங்க, நானே லெட்டர் தரேன். ஆனா இந்த வாரமே கேட்டுடுங்க."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. பேனா கடித்தவர் பாவம், நல்ல டாக்டராகவே இருந்திருப்பார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்ததெல்லாம் வெறும் பயம். அதை வீட்டில் சொல்ல வாய் வராமல், ஊரிலிருக்கும் டாக்டர்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குக் கட்டி நன்றாக இடம் கொடுத்து வளர்ந்திருக்கிறது.

"வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு..." என்று சர்ஜன் எழுந்தார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்ச லட்சணந்தான் தெரியுதே. எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா. நாளைக்கே ஆரம்பிச்சிடு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கர்சீப்பை எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்குவதற்குள் அவரே அதை இழுத்துத் தன் முகத்தில் பொத்திக்கொண்டார்.